வராதே என்று சொல்பவர் வீட்டுக்குப் போவது

வலி இருக்கிறவர் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். பல்வலிக்காரரை யாரும் போய் அழைத்துவர வேண்டியதில்லை. வலியே தெரியாதவரிடம்தான் நாம் போக வேண்டியிருக்கிறது. போய், "உங்கள் காலில் புண் இருக்கிறது, பாருங்கள்" என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். அவர் உடம்பு அவரிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. காலைத் தூக்கிக் காட்டினால்கூட, "இது எத்தினியோ நாளா இருக்குது, ஒண்ணும் பண்ணல" என்பார்.

நான் வேலூர்ப் பக்கம் தொழுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பாதி கட்டுப்போடும் அறையில் போனது, மீதி கிராமங்களுக்குப் போகும் ஜீப்பில். உதவியைத் தட்டிவிடுகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். நம் சபைகளில் அப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது "திமிர்", "நன்றி கெட்டவர்" என்ற சொற்கள் சுலபமாக வந்து விழுகின்றன. கேட்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் பிடிக்கிறது. நரம்பு கெட்டால் அந்த இடத்தில் சூடும் வலியும் தெரியாது. விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் முள் குத்தியது தெரியாமல் நடந்து, அடுப்புச் சட்டி சுட்டது தெரியாமல் பிடித்து, புண்ணாகி, புண் எலும்புவரை போய்த்தான் விரல் குறைகிறது. 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு) வந்த டாக்டர் பால் பிராண்ட் இதை விடாமல் பின்தொடர்ந்து பார்த்து உலகத்துக்குச் சொன்னவர். அவரிடம் சிகிச்சை பெற்ற சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் புதுக் காயம் இருக்கும். ராத்திரி எலி கடித்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். சிகிச்சை என்றால் மருந்து மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பூனைக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

அதே பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். பெரிய சாதனை. ஆனால் குணமாகிப் போன சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடுவதில்லை. தொழுநோய் வந்தவர் என்று வேலையும் தருவதில்லை. நல்ல கை கிடைத்ததால் சோறு போயிற்று. அந்த மனிதர்களை நன்றி கெட்டவர்கள் என்று பிராண்ட் சொல்லவில்லை. தச்சு வேலை போன்ற கைத்தொழில் கற்றுக்கொள்ள சி.எம்.சி. வளாகத்திலேயே நவஜீவ நிலையம் உருவானது. குறை சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் கேட்கிற வரைக்கும் அது வெளியே வருவதில்லை.

ஒரு பெண்பிள்ளை. கூட்டு மருந்து சிகிச்சை ஆரம்பித்து மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். இன்றைக்கு இந்த நோய்க்கு 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை போட்டால் போதும், குணமாகிவிடும். அரசு சுகாதார நிலையத்தில் காசும் கிடையாது. அப்புறம் ஏன் நிறுத்த வேண்டும்? அந்த மாத்திரைகளில் குளோஃபசிமின் என்று ஒன்று உண்டு. அது தோலைக் கறுக்க வைக்கும். மாத்திரை முடிந்தபின் மெல்ல மெல்ல நிறம் திரும்பிவிடும் என்று நாங்கள் சொல்லித்தான் கொடுத்தோம். அவளுக்கும் அது தெரியும். "பொண்ணு பாக்க வர்றவங்க மூஞ்சி ஏன் இப்டி இருக்குதுன்னு கேட்டா எங்கம்மா இன்னா சொல்லும் சிஸ்டர்?" என்றாள். அதற்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் கிடையாது. அவளுக்கு நம்பிக்கையான ஒரு அத்தை இருந்தார். அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு அந்த அத்தையிடம் பேசினோம். கல்யாணப் பேச்சை அவர் ஒரு வருடம் தள்ளிப்போட வைத்தார். அதன்பிறகு மாத்திரையை அவள் ஒழுங்காகப் போட்டாள்.

செருப்பு விஷயமும் அப்படித்தான். எம்சிஆர் செருப்பு என்போம். மிருதுவான ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. மரத்துப்போன பாதத்தில் புண் வராமல் அது காக்கும். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோய் என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். அதனால் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் மாட்டிக்கொள்வார்கள். இதற்காக அவர்களைத் திட்டுகிற ஊழியர்கள் உண்டு. எனக்குத் திட்ட மனம் வந்ததில்லை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று நம் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதையும் மற்ற மதத்தாரின் சட்டங்களில் இருந்ததையும் நாடாளுமன்றம் 2019ல்தான் நீக்கியது. நாடே அப்படி எழுதி வைத்திருந்தபோது ஒரு மனுஷி தன் செருப்பை ஒளித்துவைக்காமல் என்ன செய்வாள்?

பிராண்டின் தாயார் எவலின் பிராண்ட் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கணவர் ஜெஸ்ஸி பிராண்டோடு கொல்லிமலையில் ஊழியம் செய்தவர். கணவர் 1929ல் காய்ச்சலில் இறந்துபோனார். வெகுகாலம் கழித்து, மிஷன் ஓய்வு கொடுத்துவிட்ட பிறகு, அந்த அம்மா மலைக்கே திரும்பிப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது. மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். உலகமே மதித்த மருத்துவரான மகன், கீழே வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ கேட்டும் மறுத்துவிட்டார். 1974ல் 95 வயதில் இறந்த அவரைக் கொல்லிமலையிலேயே கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதைக் கேட்டு நாம் கண்ணீர் விடுகிறோம், விசுவாச வீராங்கனை என்கிறோம். சொல்ல வேண்டியதுதான், நானும் சொல்வேன். ஆனால் மருத்துவர் சொன்னதைக் கேட்காமல், பிள்ளை கெஞ்சியும் வராமல், தன் இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று ஒரு ஆடு மேய்க்கிற பெரியவர் சொன்னால் அதற்கு மட்டும் பிடிவாதம் என்று ஏன் பெயர் வைக்கிறோம்? அவரும் எதையோ காத்துக்கொண்டுதான் இருக்கிறார். அது ஊழியமாக இல்லாமல் நாலு ஆடாக இருக்கலாம்.

ஆடு என்று சும்மா சொல்லவில்லை. குடியாத்தத்துக்கு அப்பால், ஆந்திர எல்லை மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். நோய் எப்போதோ குணமானவர். இடது பாதம் மட்டும் மரத்துப்போய், அடியில் ஆறாத புண். தம்பியின் நிலத்து ஓரத்தில் ஒரு கொட்டகை. கொஞ்சம் ஆடுகள். நான் முதலில் போனபோது, "இன்னாத்துக்கு வந்தே? நான் கூப்ட்டனா?" என்றார். காலைத் துணியால் மூடிக்கொண்டார். அடுத்த முறையும் அதே பேச்சு. சரி, புண்ணைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தக் கிராமத்துக்கு ஜீப் போகிற நாளெல்லாம் அவர் கொட்டகைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவேன்.

ஒருநாள் ஒரு ஆடு நொண்டியது. அதன் குளம்பை அவர் கத்தியால் சீவி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். மழைக்காலத்தில் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், இப்படிச் சீவிவிட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். அன்றைக்குத்தான் என்னோடு முழுசாகப் பேசினார். பிறகு வந்த ஒருநாளில், கேட்காமலே, தன் கதையையும் சொன்னார்.

வாலிபத்தில் சிகிச்சைக்கென்று சில மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். திரும்பி வந்தபோது மனைவியை அவள் வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் பங்கு நிலம் வேறு பெயருக்குப் போய்விட்டது. "ஒருவாட்டி படுத்து எழுந்து வந்தேன். பொண்டாட்டியும் இல்ல, நெலமும் இல்ல. இப்போ ஆட்டையும் உட்டுட்டு வரணுமா சிஸ்டர்?"

இதற்கு முன்னே போன ஊழியர்கள் குறிப்பேட்டில், நோயாளி ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எழுதியிருந்தார்கள்.

பாதத்துப் புண்ணுக்கு முதல் மருந்து ஓய்வு. மாவுக்கட்டுப் போட்டு நடக்காமல் இருந்தாலே பெரும்பாலான புண் ஆறிவிடும். ஆடு வைத்திருப்பவரிடம் நடக்காதே என்று எப்படிச் சொல்வது? அதனால் கட்டு வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், ஒரு பேசின் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பச்சைத்தண்ணீரில் தினமும் இருபது நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். புண்ணைச் சுற்றித் தடித்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி, சுத்தமான துணியைச் சுற்ற வேண்டும். படுப்பதற்கு முன் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். என்னைத் தொட விடவேயில்லை. "நீ என் கால தொடக்கூடாது" என்பார். பேதுருவும் ஆண்டவரிடம், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றுதானே சொன்னான். வெட்கம், மரியாதை, இவ்வளவு பெரியவர் நம் காலடியில் உட்காருவதா என்ற கூச்சம் எல்லாம் சேர்ந்த மறுப்பு அது. அந்த ஆட்டுக்காரப் பெரியவர் நான் போன பிறகு, இருட்டியதும், தானே செய்துகொண்டார். புண் சுருங்கியது. முழுசாக மூடவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டது. தம்பி மகன் எனக்குத் தகவல் அனுப்பினான். நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோ நின்றிருந்தது. "கேக்கமாட்டாரு சிஸ்டர். நாலு பேரு புடிச்சித் தூக்கிடலாம்" என்றான். பாசத்தில்தான் சொன்னான். வேண்டாம் என்று தடுத்தேன். நினைவு தப்பியிருந்தால் நானே முதல் ஆளாகத் தூக்கியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையாக இருந்தாலும், புத்தி தடுமாறியவராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அவர் தெளிவாக இருந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்: விஷம் மேலே ஏறுகிறது, இருந்தால் கால் போகலாம், உயிரும் போகலாம். பயமுறுத்துவதற்காக ஒரு வார்த்தை கூட்டவில்லை, மனம் நோகுமே என்று ஒரு வார்த்தை குறைக்கவுமில்லை.

அவர் கேட்டது ஆடுகளைப் பற்றி. தம்பி மகனை அவர் நம்பவில்லை. எதிர்வீட்டு அம்மாவை நம்பினார். அந்த அம்மா வந்து, அவர் கண் முன்னால் ஆடுகளை எண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்து இன்னொரு நிபந்தனை. தன்னைக் கேட்காமல் எதையும் வெட்டக் கூடாது. அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள் என்றேன். அந்த டாக்டரை நான் இன்றும் நினைத்து ஸ்தோத்திரம் சொல்வேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு விரல் செத்துவிட்டது, எடுத்தால் பாதம் பிழைக்கும், நீங்கள் சரி என்றால்தான் எடுப்பேன் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் பெரியவர் சரி என்றார். புண் முழுதும் ஆறுமுன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியும்விட்டார். ஆடுகள் எண்ணிக்கை குறையாமல் இருந்தன.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அவர் சபைக்கு வரவில்லை, ஜெபம் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்திருக்கிறார். அந்தப் பாதத்தோடு பல வருடம் நடந்தார். எனக்கு அது போதும்.

நாகமானின் கதையை (2 இராஜாக்கள் 5) இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். குஷ்டரோகியான ஒரு படைத்தலைவன். தானே தேடிப் போன உதவியைக் கோபத்தோடு தட்டிவிடுகிறான். தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்து நிற்கவில்லை, ஆள் அனுப்பி யோர்தானில் முழுகச் சொல்கிறார். எங்கள் தமஸ்குவில் இல்லாத நதியா என்று அவன் திரும்பிப் போகிறான். எலிசா அவன் பின்னால் ஓடவில்லை. சாபமும் கொடுக்கவில்லை. அவன் மனதை மாற்றியவர்கள் அவனோடு தினமும் இருக்கிற வேலைக்காரர்கள். "தகப்பனே" என்று மரியாதையோடு கூப்பிட்டு, கடினமானதைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இது லேசானதுதானே என்றார்கள். அவனுடைய கௌரவத்தைத் தொடாமல் பேசத் தெரிந்தவர்கள். ஒருவருடைய கோபம் எதனால் என்று கூட இருக்கிறவருக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் கம்பளியும் கேமராவுமாகப் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னதால் கம்பளியைத் திருப்பி எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எறிந்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஜெபம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாதவர். அவர் தலையில் கைவைத்து, கேட்காமல், சத்தமாக ஜெபிப்பது எனக்குச் சம்மதமில்லை. புறப்படுமுன் வீட்டில் முழங்காலில் நிற்கலாமே. அரிசிப் பையை ஜெபத்துக்கு முன்பணமாக வைக்கிறோம் என்று ஏழைக்கு ஒருமுறை தோன்றிவிட்டால், அதன்பின் அவர் கதவைச் சாத்துவது அவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அப்படியென்றால் எதுவரைக்கும் போவது? போகக் கூடாத வீடும் உண்டு. கதரேனர் ஊரில் இயேசு ஒருவனைக் குணமாக்கியபின், ஊரார் எல்லாரும் வந்து, எங்கள் எல்லையைவிட்டுப் போய்விடும் என்று வேண்டிக்கொண்டார்கள். அவர் வாதாடவில்லை. படவில் ஏறிவிட்டார். ஆனால் குணமானவன் நானும் வருகிறேன் என்று கேட்டபோது, அவனை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார். எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. வெளியே போ என்றால் போய்விட வேண்டும், அந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எதிர்வீட்டு அம்மா மாதிரி ஒருவர்.

போன மாதம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், வருகிறவர்களை மதிக்காத மூன்று பேரை வீடு சந்திப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. என் கருத்தைக் கேட்டார்கள். ஒருவர் குடித்துவிட்டுக் கத்தியைக் காட்டுகிறவர். அங்கே பெண்கள் போகவே கூடாது, அவருடைய பழைய நண்பர் ஒருவர் சபையில் இருக்கிறார், அவர் வெளியில் எங்காவது வைத்துப் பேசட்டும் என்றேன். இன்னொரு தம்பிக்கு உடம்பில் சந்தேகமான தேமல். அவருடைய பெயர் பட்டியலில் இருப்பதுதான் பிரச்சினை, முதலில் அதை அடித்துவிடுங்கள், சுகாதார நிலையத்துக்கு வர அவருக்கே விருப்பமானால் நான் தனியாகக் கூட வருகிறேன் என்றேன்.

மூன்றாவது, அரிசி கொண்டுபோன சகோதரியைத் திட்டி, அரிசியைத் தெருவில் கொட்டிய விதவை அம்மா. ஒரு காலத்தில் அறுப்பின் பண்டிகைக்கு மூட்டையாக நெல் கொடுத்த வீடு அது. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் எதையும் கொடுக்குமுன் தண்ணீர் கேட்டார். அந்த அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் முன்பெல்லாம் பண்டிகை ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். இந்த வருட ஏலத்துக்கு நாலு பாட்டில் போட்டுத் தர முடியுமா, கூட நின்று எங்களுக்கும் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று, அன்றைக்குத் திட்டு வாங்கிய அதே சகோதரியிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை போகிறார். பழமும் உப்பும் நம் செலவு. அரிசிப் பை வேண்டாம்.